மறுபடியும் கால்குலஸ் ஒண்ணா?

"ஹைஸ்கூல்லயே காலேஜ் லெவல் ஏ.பி. கால்குலஸ்ல அஞ்சுக்கு அஞ்சு வாங்கிட்டு, காலேஜ்ல போயி மறுபடியும் கால்குலஸ் ஒண்ணா? நேரா கால்குலஸ் மூணுக்கே போலாமே, கயல்!" என்று பொருமினார் நல்லசிவம்.

"பேசிக்ஸ் ஸ்ட்ராங் ஆகணும்ப்பா."

"ஏ.பி. மார்க்கைக் காட்டி கெமிஸ்ட்ரிய மட்டும் ஸ்கிப் பண்ணத் தெரியுதாக்கும்! இந்த கேட்டி ஊர் முழுக்க உன் மார்க்கைச் சொல்லி வெச்சிருக்கேன். சிரிக்க மாட்டாங்களா?"

மகள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அடுப்படியில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி தேன்மொழியின் கை நின்றது.

நல்லசிவத்துக்குப் பொறி தட்டியது.

"அந்த கிளாஸ்ல யாரோ இருக்காங்க. அதானே?"

"ஆமாப்பா."

"யாரு அவன்?"

"அவன் இல்லப்பா. கணக்குல உசிரா இருந்தும், கல்யாணத்துக்காகப் படிப்பைப் பாதியில விட்டவங்க. இப்ப அதே காலேஜ்ல சேர்ந்திருக்காங்க. சின்னப் பசங்க நடுவுல தனியா உக்காரப் பயமா இருக்காம். முதல் செமஸ்டர் மட்டும் நான் பக்கத்துல இருக்கேன்னு ப்ராமிஸ் பண்ணிட்டேன்."

தேன்மொழி தலைகுனிந்தபடி, "நாந்தானுங்க" என்றாள்.

நல்லசிவம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"மாவை இப்படிக் குடு. நீ போயி கயலுகிட்ட உக்காந்து படி."