ஏழு திரையிலும் பெரிய எழுத்து

“ஏம்மா பிரெசில்லா, இதெல்லாம் ஒரு வேலையா?”

உச்சிப்புளி நண்டுக் கம்பெனி மேனேஜர் வேல்ராஜ் போட்ட சத்தத்தில், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஆபீசுக்கு மூளை ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்தான். அங்கே வேலை பார்க்கும் ஏழு பேரும் அவரவர் பேரைப் போட்டு அதற்குள் நுழைந்து, எந்தப் படகு எவ்வளவு நண்டு கொண்டுவந்தது என்று பதிவார்கள். அதைக் கட்டி மேய்ப்பவள் பிரெசில்லா. பத்து நாளாக ஏழு திரையிலும் எழுத்து தேங்காய்த் தண்டிக்குப் பெருசாக நின்றது.

“ஒரு படகு நம்பர் அடிச்சாலே திரை ரொம்பிப்போகுது சார். உருட்டி உருட்டி என் விரலே தேஞ்சுபோச்சு!” என்றாள் உமாமகேஸ்வரி.

“அவளுக்கு மட்டுமாவது சின்னதாக்கிக் குடும்மா.”

“தனித்தனியா வைக்கத் தெரியல சார்.”

“தெரியலையா? நாளைக்கு மொதலாளி வாராரு. வேற ஆளைப் போடுங்கன்னு சொல்லிப்புடுவேன், ஆமா!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பி நடந்த வேல்ராஜ் சட்டென்று நின்றார். உமாமகேஸ்வரி திரையில் அவள் மகள் சிரித்தாள். மரியசெல்வம் திரையில் அவன் வள்ளம். கூத்தையா திரையில் முருகன்.

திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார். “அவரவர் படத்தைத் தனித்தனியா வச்சவளுக்கு, எழுத்து மட்டும் வைக்கத் தெரியாதாக்கும்?”

பிரெசில்லா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“கூத்தையா அண்ணனுக்குச் சர்க்கரை கண்ணுல இறங்கிருச்சு சார். மதுரையில ஊசி போட்டுக்கிட்டு இருக்காரு. போன மாசம் மூணு தடவை படகு நம்பரை மாத்தி அடிச்சது அதனாலதேன்.”

இன்னொரு தப்பு வந்தால் கூத்தையாவை வீட்டுக்கு அனுப்பிவிடச் சொல்லியிருந்தார் முதலாளி.

“சரி, அவருக்கு மட்டும் பெருசாக்கிருக்கலாம்ல?”

“ஒரு திரை மட்டும் பெருசா இருந்தா ஏன்னு கேப்பாக சார். கண்ணு தெரியாதவருக்கு இங்கன என்ன வேலைம்பாக. இந்தப் பத்து நாள்ல அண்ணன் ஒரு தப்புகூட அடிக்கல.”

வேல்ராஜ் கூத்தையா இருந்த பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு நடந்தார்.

மறுநாள் முதலாளி வந்ததும் வராததுமாகக் கத்தினார். “என்னய்யா இது கூத்து? எவன் பார்த்த வேலை?”

பிரெசில்லா எழுந்திருப்பதற்குள் வேல்ராஜ் முந்திக்கொண்டார்.

“நாந்தேன் மொதலாளி வைக்கச் சொன்னேன். சுத்தி வாரப்ப எட்ட நின்னு வாசிக்கணும்ல? எனக்குத்தேன் முன்ன மாதிரி கண்ணு தெரியல!”