தடாகம் சாலை கேட்ட கேள்வி

சைரன் அலறியது. ஆனைகட்டி மலைக்குப் போகும் தடாகம் சாலையில் கார்வேந்தனின் கார் தானாகவே ஓரம் கட்டி நின்றது.

"நீங்க சொன்ன காரணம் பொய். நெசமா எதுக்குப் போறீங்க?" என்றது சாலை. உண்மையைச் சொல்லாத வண்டியை அது நகர விடாது.

"ஆபீஸ் வேலைன்னுதான் சொன்னேனே!"

சைரன் இன்னும் பலமாக அலறியது. கோபித்துக்கொண்டு மலையிலுள்ள அம்மா வீட்டுக்குப் போன மனைவி நித்திலாவிடம், முதலில் தான் இறங்கிப் போவதில்லை என்று வீறாப்புப் பேசியவன் அவன். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

"சரி, பொண்டாட்டியக் கூப்பிடப் போறேன். போதுமா?"

சைரன் அடங்கியது. போன் அடித்தது. நித்திலாதான்.

"ஏனுங்க, கோயிலுக்குப் போறேன்னு சொன்னா இந்த ரோடு விடமாட்டேங்குது. நான் நம்ம வீட்டுக்குத்தான் வர்றேன்னு நீங்களே அதுகிட்டச் சொல்லுங்க, எனக்கு வெக்கமா இருக்குது!"