சர்ச் வாசல் படி

"யார்கிட்டேருந்து வாங்கிட்டு வந்தே?"

ஆறு மாத வயிற்றோடு நின்ற யாஸ்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரை அட்டை கணவன் தேயானின் கையில் இருந்தது.

"டாக்டரம்மா விவரமா சொன்னாங்களே! உள்ளே இருக்கிற நல்ல கிருமி குறைஞ்சு, கெட்டது பெருகிடுச்சாம். அதான் அந்த நாத்தம். இது யாரும் கொடுத்து வர்ற நோய் இல்லைங்க."

"அந்தம்மாவும் பொம்பளைதானே? விட்டுக் கொடுப்பாளா?"

"கவனிக்காம விட்டா குழந்தை குறை மாசத்துலயே பிறந்துடலாமாம். பிரசவத்துக்கப்புறம் எனக்கும் ஜுரம் கிரம்னு வரலாமாம். மாத்திரையைக் கொடுங்க!"

"முதல்ல ஆள் யாருன்னு சொல்லு."

தேயான் பாலம் கட்டுகிற எஞ்சினீயர். எதற்கும் ஆதாரம் கேட்பவன். வால்யெவோ ஊரிலேயே தன்னைவிடப் படித்தவன் கிடையாது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

போதாக்குறைக்கு, அடுப்பில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த மாமியார் ஸ்தானா, இடுக்கியும் கையுமாகப் பாய்ந்து வந்தாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனேடி! சர்ச் வாசல் படியில உட்காராதே, சில்லுனு இருக்கிற கல்லு, அடிவயிறு குளிர்ந்து போகும்னு! கேட்டியா? இப்போ கிருமி வந்து உட்கார்ந்திருக்கு!"

யாஸ்னா வாயைத் திறந்தாள்.

"மூடு வாயை! எதிர்த்துப் பேசினே, தெரியும் சேதி!"

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பட்டிக்காடா! யாஸ்னாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

தேயானின் முகம் மட்டும் பளிச்சென்று தெளிந்தது.

"கல்லுல உட்கார்ந்தியா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நான் பாட்டுக்கு என்னென்னமோ நெனச்சுட்டேன்."

மாத்திரையை அவள் கையில் திணித்தான். காற்று படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினான். கம்பளிக் காலுறை வாங்கிவர அவசரமாகக் கிளம்பினான்.

ஸ்தானா கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் எடுத்து வந்தாள். "டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் விடாம போடு. நாத்தம் போயிடுச்சுன்னு பாதியில நிறுத்திடாதே."

"அத்தை, நான் படியில உட்காரவே இல்லையே. பூசை முடியற வரைக்கும் உள்ளே நின்னுக்கிட்டுதானே இருந்தேன்?"

"தெரியும்டி. பக்கத்துலதானே நானும் நின்னேன்."

"அப்புறம் ஏன் அத்தை...?"

"இவன் வயித்துல இருந்தப்போ எனக்கும் இதேதான் வந்துச்சு. இவங்கப்பாகிட்ட என் மாமியாரும் அந்தக் கல்லு மேலதான் பழியைப் போட்டாங்க. அவரும் படிச்சவர்தான்; உடனே நம்பிட்டார்."