ஒற்றை ஹீட்டர்

“லீக் ஒண்டும் இல்லை, அக்கா. ஆரோ திறப்புப் போட்டு சுவர் ரேடியேட்டரிலை இருந்து தண்ணியை வெளியிலை விட்டிருக்கினம்.”

வீட்டைச் சூடாக்கும் பொய்லருக்குக் கீழே குந்தியிருந்த பிளம்பர் நிருஜன் இப்படிச் சொன்னதும் ரஜனி சுவரைப் பார்த்தாள். அவள் கணவன் சுபாஸ்கரன் யன்னலைப் பார்த்தான்.

ஒருவரையொருவர் பார்த்துப் பேசி இரண்டு கிழமை ஆகிறது. ரஜனியின் தங்கை மகளுடைய சாமத்திய வீட்டுப் பூப்புச் சடங்கில், மேடையேறிப் படத்துக்கு நிற்காமல் சுபாஸ்கரன் காருக்குள் போய் இருந்துவிட்டான். அவ்வளவுதான் கொழுவல். அன்றிரவே தலையணையோடு சின்ன அறைக்குப் போனவன், ஹீட்டிங் நின்ற பிறகுதான் திரும்பி வந்தான். லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருக்கும் அந்த வீட்டில் ஒரேயொரு மின்சார ஹீட்டர்தான் உண்டு. அது பெரிய அறையில். மானம் பெரிதுதான், ஆனால் தை மாதக் குளிர் அதைவிடப் பெரிது.

பேச்சு இன்னும் வரவில்லை. ஆனாலும் நேற்று, அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, காலில் போர்வையை இழுத்து விட்டான். இன்னும் கொஞ்ச நாள் குளிர்ந்தால் வாயும் திறந்துவிடும் என்று ரஜனி நம்பியிருந்தாள். அதற்குள் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று தங்கை இந்தப் பிளம்பரை அனுப்பித் தொலைத்துவிட்டாள்.

ஐந்து நிமிட வேலைதான் என்றான் நிருஜன். பைப் தண்ணீரை ஹீட்டிங்குக்குள் விடுகிற சின்னக் குழாயைப் பொருத்தி நிரப்பினால் போதுமாம். “அந்தக் குழாயைக் காணேல்லை. கழட்டி எங்கை வைச்சனியள்?”

“அவரிட்டைக் கேளுங்கோ, தம்பி. அவர்தான் வழமையா நிரப்பிறவர்.”

“எனக்குத் தெரியாதெண்டு அவவுக்குச் சொல்லுங்கோ.”

“பரவாயில்லை, வானுக்கை புதுசு ஒண்டு கிடக்கு,” என்று நிருஜன் வெளியே நின்ற தன் வாகனத்துக்குப் போனான்.

ரஜனி மாடிப்படிப் பக்கம் நகர்ந்தாள். இன்றைக்கு வீடு சூடாகிவிடும். மனுசன் தலையணையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் போய்விடுவான். போதாக்குறைக்கு, தண்ணீரைத் திறந்துவிட்டது யார் என்று பிளம்பர் விசாரிக்கத் தொடங்கினால் மானமும் போய்விடும். விறுவிறுவென்று மாடிக்கு ஏறியவள், சட்டைப் பையிலிருந்த ரேடியேட்டர் சாவியை, அந்தத் திறப்பை, ஒளித்து வைக்க மெத்தையின் மூலையைத் தூக்கினாள்.

அங்கே, அவன் படுக்கிற பக்கத்தில், காணாமல் போன குழாய் கிடந்தது.

திறப்பை அதற்குப் பக்கத்திலேயே வைத்து, மெத்தையைச் சரிசெய்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கீழே வந்தாள்.

“இஞ்சருங்கோ,” என்று கணவனை நேரே கூப்பிட்டாள். “தம்பிக்கு ஒரு தேத்தண்ணி குடுத்து, குளிர் முடிஞ்ச பிறகு வரச் சொல்லுங்கோ.”