துணி காயாத ஊர்

“துவைச்ச துணி மூணு நாளானாலும் காயாதாமா. அடுப்புக்கு மேல கயிறு கட்டித் தொங்க உட்டு, பொகை வாசத்தோட எடுத்து உடுத்தோணுமாமா. அந்த ஊருக்கா கண்ணு வாக்கப்பட்டுப் போறேங்கற?”

மகள் கவிப்பிரியாவைப் பார்த்துக் காளியாத்தாள் இப்படிக் கேட்டதும் கிட்டுசாமிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மனைவி தன் கட்சிதான்.

மாப்பிள்ளை குருசாமிக்கு வால்பாறையில் கரண்ட் ஆபீஸ் வேலை. நல்ல பையன், நல்ல குடும்பம். பெண் பார்க்க வந்த அன்றே கவிப்பிரியாவுக்குப் பிடித்துவிட்டது. கிட்டுசாமிக்குத்தான் அந்த ஊர் பிடிக்கவில்லை. இருப்பது ஒரே மகள். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்க முடியாத மலைக்கு அவளை அனுப்பிவிட்டு, தனக்குச் சோறு எப்படி இறங்கும் என்று பயம். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு, பத்து நாளாக ஊரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

“துணி காயாட்டி என்னுங்கம்மா? திருப்பூர்ல பொறந்தவளுக்குத் துணிக்கா பஞ்சம்? பத்து செட்டு சேத்தி எடுத்துட்டுப் போறேன்.”

காளியாத்தாள் கணவன் பக்கம் திரும்பினாள். “வேற?”

அது அவள் தொழில் வார்த்தை. கிட்டுசாமி கட்டிங் மாஸ்டராக இருக்கும் அதே பனியன் கம்பெனியில் அவள் செக்கிங். ஒரு பனியன் கையில் கிடைத்தால் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று ட்யூப்லைட் வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டித் தேடுவாள். தேடும்போதே, ‘வேற? வேற?’ என்று முணுமுணுப்பாள். இனித் தேட ஒன்றுமில்லை என்ற பிறகுதான் தன் பதினாலாம் நம்பர் ‘பாஸ்’ ஸ்டிக்கரை ஒட்டுவாள்.

“ஆடி மாசம் முச்சூடும் மழை. வாசப்படி எறங்குனா காலெல்லாம் அட்டைப்பூச்சி,” என்றார் கிட்டுசாமி.

“ஒரு சிட்டிகை உப்பு வெச்சா உழுந்துருமுங்கப்பா. அவரே சொன்னாருங்க.”

“வேற?” என்றாள் காளியாத்தாள்.

“நாப்பது கொண்டை ஊசி வளைவு. ஒரு மரம் சாஞ்சா ரெண்டு நாளைக்கு பஸ் இல்ல. செல்போனுக்கு டவர் கெடைக்காது. இங்க எனக்கு ஒண்ணு ஆச்சுன்னாக்கூட உனக்குச் சேதி வராது.”

“லேண்ட்லைன் இருக்குதுங்கப்பா. நெதம் சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்புடுவேன். நீங்கதான் ஓவர்டைம்னு கம்பெனியிலயே உக்காந்திருப்பீங்க.”

காளியாத்தாள் விடவில்லை. “பிரசவ வலி கண்டா பொள்ளாச்சி வரைக்கும் எறங்கோணுமே, அதுக்கு என்ன பண்ணுவ?”

“தலைப்பிரசவம் அம்மா ஊட்லதானுங்க? ஏழாம் மாசமே வந்துருவேன். தொட்டில் கட்டறது அப்பா பொறுப்பு.”

தொட்டில் என்றதும் கிட்டுசாமியின் கண் தானாக விட்டத்துக்குப் போனது. சமாளித்துக்கொண்டு செருமினார்.

“நாம பேசி என்ன ஆகப்போகுது? ஞாயித்துக்கெழமை அம்மன் கோயில்ல பூக் கேட்டுப் பாத்துருவோம். வெள்ளை வந்தா வால்பாறை. செவப்பு வந்தா இந்தப் பேச்சையே உட்டுரோணும்.”

“சரிங்கப்பா,” என்றாள் கவிப்பிரியா. குரலில் நடுக்கமே இல்லை.

“சாமி சொன்னாச் சரிதானுங்க,” என்றாள் காளியாத்தாளும்.

ஞாயிறு காலையில் கிட்டுசாமியே பூப்பறித்து வந்தார். கம்பெனி பழுப்புப் பேப்பரில் இரண்டு பொட்டலங்கள் மடித்தார். கட்டிங் மாஸ்டர் கை அல்லவா, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். கோயிலுக்குத் தட்டைக் காளியாத்தாள் எடுத்துக்கொண்டாள். பெண் கேட்டவர்கள் மனம் கோணாமல் எப்படிப் பதில் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தபடி அவர் முன்னால் கம்பீரமாக நடந்தார்.

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் போட்டுக் கற்பூரம் காட்டினார். கும்பிட வந்திருந்த ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையை ஒரு பொட்டலம் எடுக்கச் சொன்னார். குழந்தை எடுத்துக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்.

வெள்ளை நந்தியாவட்டை.

“அம்மன் உத்தரவு குடுத்துட்டா. தாராளமாப் பண்ணுங்க,” என்றார் பூசாரி. கவிப்பிரியா கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

கிட்டுசாமி எட்டிப் பூவைப் பார்த்தார். இரண்டு பொட்டலத்திலும் அவர் வைத்து மடித்தது சிவப்பு அரளி.

சாமியையே ஏமாற்றப் பார்த்தோமே, அம்மனே நிறத்தை மாற்றிக் காட்டிவிட்டாளே என்று பயந்தார். மிச்சமிருந்த பொட்டலத்தை யாரும் பிரித்துவிடக் கூடாது. “இதை நானே தண்ணில உட்டுர்றனுங்க,” என்று பூசாரியிடம் சொல்லிப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் இருந்த கிணற்றடிக்குப் போனார். அவசரமாகப் பிரித்தார்.

அதிலும் வெள்ளை. பேப்பரின் உள்பக்கத்தில், பிரித்துப் பார்க்கப்போகிற ஒரே ஆளுக்காக ஒட்டியது போல ஒரு சின்ன ஸ்டிக்கர் இருந்தது: பாஸ், பதினாலு.

“ஏனுங்க,” என்று முதுகுக்குப் பின்னால் காளியாத்தாளின் குரல் கேட்டது. “வேற?”