நீலவரியும் ஒரு கையும்

பவளப்பாறையில் இருந்தவரை நீலவரி ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. விரல் நீளமே உள்ள மீன்தான். ஆனாலும் பெரிய பெரிய களவா மீன்கள் அதன் முன்னால் வந்து, வாயைத் திறந்தபடி சொக்கிப்போய் மிதக்கும். நீலவரி உள்ளே நுழைந்து பல்லிடுக்கையும் செவுளையும் சுத்தம் செய்துவிட்டு வெளியே வரும். ஒரு களவாகூட அதை விழுங்கியதில்லை.

பிறகு ஒரு நாள் வலை வந்தது. நீலவரி ஒரு வீட்டின் கண்ணாடித் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த மஞ்சளி என்ற மீனிடம், "உனக்குச் சுத்தம் பண்ணி விடட்டுமா?" என்று கேட்டது.

"எனக்கு ஏது அழுக்கு? சாப்பாடுதான் மேலேயிருந்து தானா விழுதே, பேசாம இரேன்," என்றது மஞ்சளி.

விழுந்த தூளை நீலவரி தொட்டுப் பார்த்ததோடு சரி. நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது.

ஒரு மத்தியானம், பாசி துடைப்பதற்காக ஒரு கை தண்ணீருக்குள் இறங்கியது. மஞ்சளி கல்லுக்குப் பின்னால் பாய்ந்து ஒளிந்தது.

"கிட்டப் போகாதே! உன்னைப் பிடிச்ச வலையும் இப்படி ஒரு கையிலதானே இருந்தது!"

"ஆமாம்," என்றது நீலவரி. "ஆனா இதோட நகத்தைப் பாரேன். ரொம்ப நாளா யாருமே கவனிக்கலை போலிருக்கு."

மெல்ல நீந்திப் போய், நகக்கண்ணில் காய்ந்திருந்த தோலைக் கொத்தத் தொடங்கியது. கை திடுக்கிட்டது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, தண்ணீரில் அசையாமல் கிடந்தன. தொட்டி முழுக்க வெயில் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் துடைப்பதற்குப் பாசி எதுவும் இல்லை. ஆனாலும் அதே நேரத்துக்குக் கை வந்து, விரல்களை விரித்துக்கொண்டு காத்திருந்தது.