மலைமேல் கேட்டுப் பாருங்க

ஆலங்காயம் பால் சங்கத் தலைவர் தங்கவேல் அந்த நைட்ரஜன் கேனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மாடுகளுக்குச் சினை ஊசி போடும் விந்துக் குச்சிகளைக் கடுங்குளிரில் காக்கும் கேன் அது.

"அஞ்சு வருசம் கேரண்டிங்க. உள்ள இருக்கற குளிரு வெளிய வராது" என்றான் கம்பெனி ஆள் ராஜ்குமார்.

"வந்துட்டா?" என்று, தலைவர் கூப்பிட்டு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த அன்பரசி கேட்டாள். "குச்சி செத்துப்பூடும். அது தெரியாம ஊசி போடுவாங்க. மாடு சினை புடிக்காது. கடைசியில மலட்டு மாடுன்னு அடிமாட்டுக்குத் தள்ளிடுவாங்க. குத்தம் மாட்டு மேலயா?"

"இன்னாம்மா, வாங்கறது நீங்களா, தலைவரா?" ராஜ்குமார் சிரித்தான். "சந்தேகம்னா ஜமுனாமரத்தூர்ல கேளுங்க. நானே நேர்ல போய் வச்சிட்டு வந்தேன். அங்க ஊசி போடற அம்மா எங்க கேனை அப்படிப் புகழறாங்க!"

அன்பரசியின் முகம் சிவந்தது.

"அவங்க நம்பரைச் சொல்லுப்பா" என்றார் தங்கவேல்.

ராஜ்குமார் கம்பெனி லிஸ்டைப் பார்த்துத் தயங்காமல் சொன்னான். "ஆனா மலையில டவர் கெடைக்காதுங்க."

தங்கவேல் எண்களை அழுத்தினார். அன்பரசியின் கைப்பையில் மணி அடித்தது.

அவள் போனை எடுத்து, ராஜ்குமாரைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஜமுனாமரத்தூர்ல ஊசி போடறவ பேசறேன் சார். உங்க கேன் குளிரு நிக்காம எங்க ஆபீஸ் கதவுக்கு முட்டு கொடுத்துட்டு நிக்குது. மலடுன்னு அடிமாட்டு லாரியில ஏத்தின பச்சையம்மா வூட்டுப் பசுவை எப்போ திருப்பிக் கொண்டாந்து கட்டப் போறீங்க?"